லான்ல தண்ணி நிக்குதா? மணல் கொட்டாதீங்க, முதல்ல கடப்பாரைய எடுங்க

நீங்க கேட்டத ஒரு தடவ திருப்பிச் சொல்லிடறேன், நான் சரியா புரிஞ்சிக்கிட்டேனான்னு பாத்துக்கோங்க. சென்னைல மேடவாக்கம் பக்கம் வீடு, கட்டி மூணு வருஷம் ஆச்சு, வாசல்ல 20க்கு 30 அடில கொரியன் புல்லு போட்ருக்கீங்க. காம்பவுண்டு மூலைல மழை விட்டு அஞ்சாறு நாள் ஆனப்புறமும் கால் வச்சா சதக்குன்னு உள்ள போகுது, புல்லு மஞ்சளாயி பாசி புடிச்சிருக்கு. இன்னொரு எடம் சம்புக்கு (தரைக்கு அடில இருக்கற தண்ணித் தொட்டி) பக்கத்துல ஒரு முறம் அளவுக்கு, அது ஏப்ரல் வெயில்லயும் காயவே இல்ல. தோட்டக்காரர் பேச்சக் கேட்டு குட்டியானைல ரெண்டு நடை எம்சாண்ட் (கல்ல ஒடச்சு செய்யற மணல்) இறக்கிட்டீங்க, ஒரு நடைய பரப்பியாச்சு, இன்னொன்னு கேட்டுக்கு வெளிய குவிஞ்சு கெடக்கு. பரப்பினப்புறம் முன்ன விட மோசமாயிடுச்சு, மீதியையும் கொட்டிடலாமான்னு கேக்கறீங்க.

கொட்டாதீங்க தம்பி. பதினெட்டு வருஷமா இந்த தோட்ட வேலைதான் பாக்கறேன், சொதசொதன்னு இருக்கற லான் மேல மணல் கொட்டி சரியானத நான் ஒரு எடத்துலயும் பாத்ததில்ல. இதுல என்ன வேடிக்கைன்னா எல்லா தோட்டக்காரரும் முதல்ல சொல்றது இதத்தான், ஏன்னா மணல் கொட்டினா ரெண்டு நாளைக்கு மேலாக்க காஞ்ச மாதிரி தெரியும், அவர் கூலி வாங்கிட்டு போயிடுவார்.

ஏன் வேலைக்காவாதுன்னா, உங்க பக்கத்து மண்ணு களிமண்ணு. களிமண்ணுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு 1ல இருந்து 5 மில்லிமீட்டர் தண்ணிதான் எறங்கும், அதுவே மணலா இருந்தா 30 மில்லிமீட்டருக்கு மேல எறங்கும். அப்ப மேல மணல பரப்பினா மழைத்தண்ணி மணல்ல சட்டுன்னு எறங்கி களிமண்ணு மேல போயி நின்னுக்கும், தாம்பாளத்துல மணல கொட்டி தண்ணி ஊத்தின மாதிரி. தாம்பாளத்துல ஓட்டை போடாம மேல எவ்ளோ மணல் கொட்டினா என்ன. சரி, களிமண்ணோட கலந்து கொத்திவிட்டா ஆவாதான்னு அடுத்து கேப்பீங்க. பாதிக்கு மேல மணலா இருந்தாதான் அந்த கலவை மணல் மாதிரி நடந்துக்கும், அதுக்கு கொறஞ்சா மணல் துகளுக்கு நடுவுல இருக்கற சந்தெல்லாம் களிமண்ணு போயி அடைச்சிக்கும், காஞ்சா செங்கல்லு மாதிரி ஆயிடும். எம்சாண்ட்னா இன்னும் மோசம், அதுல கல்லு மாவு இருக்கும், அது நல்லா இறுகிக்கும். கட்டடத்துக்கு அது நல்ல குணம், புல்லுக்கு எமன்.

இதே தப்பு தலைகீழாவும் நடக்குது, அடில ஜல்லி பரப்பி மேல மண்ணு போட்டா தண்ணி வடிஞ்சிரும்னு நெனைக்கறாங்க. பொடி மண்ணுல இருக்கற தண்ணி, அந்த மண்ணு முழுசா ஊறி வழியற வரைக்கும் கீழ இருக்கற ஜல்லிக்கு எறங்கவே எறங்காது, மண்ணு அத புடிச்சு வச்சிக்கும். பூந்தொட்டில அடில ஒடஞ்ச ஓடு போடறோமே, அதுக்கும் இதே கததான், ஓட்டைய மண்ணு அடைக்காம இருக்க ஒரு துண்டு போட்டா போதும், அதுக்கு மேல போடறதெல்லாம் வேர் எடத்த கொறைக்கறதுதான்.

உங்க ரெண்டு எடமும் ரெண்டு வேற வியாதி, அத முதல்ல பிரிச்சிக்கணும். மழை பெஞ்சா மட்டும் நனையற எடம் ஒன்னு, மழையே இல்லாத ஏப்ரல்லயும் ஈரமா இருக்கற எடம் இன்னொன்னு. ரெண்டாவது எடத்துக்கு மண்ணுல ஒன்னும் பண்ண வேண்டாம், அது கண்டிப்பா வீட்டுத் தண்ணி, எங்கயோ கசியுது. அதனால அத முதல்ல முடிங்க, செலவும் கம்மி.

சம்புக்கு பக்கத்துலன்னு சொல்றதால சம்புல இருந்தே ஆரம்பிங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஓவர்ஹெட் டேங்க ரொப்பிட்டு, மோட்டார ஆஃப் பண்ணி, சம்புக்குள்ள தண்ணி வர்ற வால்வயும் மூடிட்டு, ஒரு நீளமான குச்சிய சம்பு அடி வரைக்கும் விட்டு தண்ணி எவ்ளோ ஒசரம் நனைஞ்சிருக்குன்னு கோடு போட்டுக்கோங்க. காலைல திருப்பி விட்டுப் பாருங்க. எறங்கியிருந்தா சம்பு சுவர்ல வெடிப்பு. இத வெயில் காலத்துலதான் பாக்கணும், மழைக்காலத்துல உங்க பக்கம் நிலத்தடி தண்ணி மேல வந்துரும், அப்ப வெடிப்பு வழியா வெளித்தண்ணி உள்ள வரும், மட்டம் எறங்காது, ஏறக்கூட செய்யலாம். அது இன்னும் பயப்பட வேண்டிய விஷயம், ஏன்னா பக்கத்துல செப்டிக் டேங்க் இருந்தா அந்தத் தண்ணியும் சேந்துதான் வரும், அதத்தான் நீங்க மேல ஏத்தி பல்லு வெளக்குவீங்க.

சம்பு சரியா இருந்தா அடுத்து மோட்டார்ல இருந்து மேல போற பைப். மோட்டார் ஓடறப்ப அரை மணி நேரம் அந்த எடத்துல உக்காந்து பாருங்க, ஈரம் அதிகமாயி மின்ன ஆரம்பிச்சா அந்த லைன்தான். அதுவும் இல்லன்னா மேல டேங்க்ல இருந்து தோட்டத்துக் கொழாய்க்கு வர்ற லைன், அதுல எப்பவும் அழுத்தம் இருக்கும், 24 மணி நேரமும் சொட்டும். அந்த கேட் வால்வ மூணு நாள் மூடி வச்சுட்டு மண்ணு காயுதான்னு பாருங்க. பிவிசி பைப்ப சொல்யூஷன் போட்டு ஒட்டின எடத்துலதான் முக்காவாசி கசிவு வரும், லான் போடறப்ப கடப்பாரை முனை பட்டு ஓட்டையானதும் உண்டு.

இத எல்லாம் பாத்துட்டும் பிடிபடலன்னா வீட்டு வெளிச்சுவர அண்ணாந்து பாருங்க. ஏசி தண்ணி பைப் எங்க விழுது, ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணி எங்க போகுது, வாஷிங் மெஷின் பைப் எங்க திரும்புது. சென்னைப் புழுக்கத்துல ஒரு ஏசி ராத்திரி பூரா ஓடினா பக்கெட் ரொம்பும். ஆர்ஓல ஒரு லிட்டர் குடிதண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் வெளிய போகும். இத தெனமும் ஒரே எடத்துல விட்டா களிமண்ணு என்னைக்கு காயும். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல பம்பு லைன தோண்டி, டைல்ஸ் ஒடச்சு, பிளம்பர் ரெண்டு பேர மாத்தி, கடைசில பாத்தா மாடில குடியிருந்தவங்க ஏசி டியூப் சன்ஷேட் வழியா வழிஞ்சு அங்க எறங்கிருக்கு. பைப்ப திருப்பற பத்து ரூபா எல்போல முடிஞ்சிது.

ஒரு எச்சரிக்கை. அந்த ஈர எடத்துல புல்லு மஞ்சளா இல்லாம கரும்பச்சையா கொழுத்து வளந்து, கிட்ட போனா நாத்தமும் அடிச்சா அது செப்டிக் டேங்க் இல்லன்னா அதோட தண்ணி மண்ணுல எறங்கற குழி, சோக் பிட்னு சொல்வாங்க, நெறஞ்சு வழியறது. அத நீங்களோ வேலையாளோ தோண்டிப் பாக்கவே கூடாது, உள்ள விஷ வாயு இருக்கும், ஒரு நிமிஷத்துல ஆள காலி பண்ணிரும், பாதுகாப்பு கருவி இல்லாம உள்ள ஆள இறக்கறது, மனுஷக் கழிவ மனுஷன் அள்ளறத தடை பண்ண 2013 சட்டப்படி குத்தமும்கூட. லாரிய கூப்ட்டு உறிஞ்ச சொல்லுங்க, அதுக்கப்புறம் மத்தத பேசலாம்.

இப்ப காம்பவுண்டு மூலைக்கு வருவோம். இங்கதான் தலைப்புல சொன்ன கடப்பாரை வேணும். மழை விட்டு மண்ணு ஓரளவு நெகிழ்ந்திருக்கற நாளா பாத்து, அந்த மூலைல ஒன்னரை அடிக்கு ஒரு எடமா கடப்பாரைய செங்குத்தா எறக்கிக்கிட்டே வாங்க. (அதுக்கு முன்னாடி ஈபி கேபிள் எந்தப் பக்கமா புதைச்சிருக்காங்கன்னு பாத்துக்கோங்க, காம்பவுண்டுல இருந்து மீட்டர் பொட்டிக்கு லான் அடிலதான் போட்டிருப்பாங்க.) நல்ல எடத்துல ஒரே குத்துல முக்கா அடி எறங்கும். நாலு அஞ்சு இன்ச்சுலயே டங்குன்னு சத்தம் வந்து எகிறுச்சுன்னா உங்களுக்கு பாதி விடை கெடச்சிருச்சு.

ஏன்னா வீடு கட்டறப்ப கொத்தனார் கலவை போட ஒரு எடம் வச்சிருப்பார். காம்பவுண்டு மூலைதான் வழக்கமா, லாரில இருந்து மணல் ஜல்லி இறக்க தோதா இருக்கும். எட்டு மாசம் பத்து மாசம் அங்கயே சிமெண்ட் கொழச்சு, தட்டு கழுவி, அந்த தண்ணி மண்ணுல எறங்கி எறங்கி கீழ ஒரு தளம் மாதிரியே போட்டிருக்கும். கடைசில ஒடஞ்ச செங்கல்லு, டைல்ஸ் துண்டு, சிமெண்ட் மூட்டை கோணின்னு எல்லாத்தையும் அதே மூலைல தள்ளி, மேல நாலு இன்ச் செம்மண்ண பரப்பி, புல்லு பாய விரிச்சு, கிரகப்பிரவேசத்துக்கு பளபளன்னு காட்டிருவாங்க. ரெண்டு மூணு மழை வரைக்கும் ஒன்னும் தெரியாது. புது வீட்டு லான்ல தண்ணி நிக்குதுன்னு என்னை கூப்பிட்டா நான் கேக்கற முதல் கேள்வியே கலவை எங்க போட்டாங்கன்னுதான், முக்காவாசி பேர் தண்ணி நிக்கற எடத்தத்தான் கைய காட்டுவாங்க.

அப்படி இருந்தா வைத்தியம் கடினம், ஆனா ஒரே தடவைதான். புல்லு பாய மண்வெட்டியால ஒன்னரை இன்ச் கனத்துக்கு வெட்டி சுருட்டி நெழல்ல வைங்க, ஈரச் சாக்கு போட்டு மூடி ரெண்டு நாளைக்குள்ள திரும்ப விரிச்சிரணும். செம்மண்ண ஒதுக்கிட்டு அந்த சிமெண்ட் தளத்த ஒடச்சு முழுசா வெளிய எடுத்துருங்க, ரெண்டு ஓட்டை போட்டா போதும்னு விட்ராதீங்க. கீழ களிமண்ண ஒரு அடி ஆழத்துக்கு கொத்தி, நல்லா மட்கின எருவும் மட்கின தென்னை நார்க்கழிவும் சேத்து, மேல செம்மண்ண போட்டு தண்ணி விட்டு ஒரு வாரம் அடங்க விட்டுட்டு அப்பறம் புல்லு பாய விரிங்க. ஒரு வாரம் விடணும்னா பழைய பாய் தாங்காது, நர்சரில புதுசு வாங்கறதா இருந்தா நிதானமா பண்ணலாம், நான் அதத்தான் சொல்வேன். அவசரப்பட்டு விரிச்சா மறுபடியும் பள்ளமாயி அதே மூலைல தண்ணி நிக்கும்.

கடப்பாரை தடையில்லாம எறங்கிருச்சு, அடில தளம் இல்லன்னா அடுத்த சோதனை குழி. அந்த மூலைல ஒரு அடி அகலம் ஒரு அடி ஆழத்துக்கு குழி எடுத்து தண்ணி ரொப்பி விட்டுருங்க. முதல் தண்ணி கணக்குல இல்ல, காஞ்ச மண்ணு அத குடிச்சிரும். அது வடிஞ்சப்புறம் திருப்பி ரொப்பி, ஸ்கேல் வச்சு ஒரு மணி நேரத்துல எவ்ளோ எறங்குதுன்னு பாருங்க. 1 இன்ச்சுக்கு மேல எறங்கினா மண்ணு மேல தப்பில்ல, உங்களுக்கு பள்ளமும் வாட்டமும்தான் பிரச்சனை. அரை இன்ச்சுக்கும் கம்மின்னா தண்ணி கீழ போவும்ங்கற நெனப்ப விட்டுட்டு பக்கவாட்டுல வெளிய கொண்டு போற வழிய யோசிக்கணும். மூணாவதா ஒன்னு உண்டு, தண்ணியே ஊத்தாம குழி பக்கத்துல இருந்து தானா தண்ணி ஊறி வந்தா நிலத்தடி மட்டமே அங்க வந்துருச்சுன்னு அர்த்தம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்த ஒட்டின ஊர்ல டிசம்பர்ல இது சகஜம். (2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேத்தாங்களே, அதே சதுப்பு நிலம்தான், அந்தத் தண்ணிக்கு பட்டா சிட்டா தெரியாது.) பக்கத்து வீட்டு கிணத்த எட்டிப் பாத்தா சட்டுன்னு தெரிஞ்சிரும், கைக்கெட்டுற ஆழத்துல தண்ணி நின்னா நீங்க எந்த குழி வெட்டினாலும் அது இன்னொரு கிணறுதான்.

அடுத்தது மொட்டை மாடித் தண்ணி. இத யாரும் கணக்கு போடறதே இல்ல. 1000 சதுர அடி மாடில 5 சென்டிமீட்டர் மழை பெஞ்சா 4,600 லிட்டர் தண்ணி. அது ரெண்டு மழைத்தண்ணி பைப் வழியா கீழ வருது, அதுல ஒன்னு உங்க லான் ஓரத்துல தொறந்து விட்டிருந்தா ஒவ்வொரு நல்ல மழைக்கும் ரெண்டாயிரத்து சொச்சம் லிட்டர ஒரே மூலைல கொட்டறீங்க. அந்த மூலை மேல நேரா விழற மழைய விட இது பெரிய விஷயம். அதனால மத்த எந்த வேலைக்கும் முன்னாடி அந்த பைப்ப திருப்பி விடுங்க. தமிழ்நாட்டுல 2003லயே மழைநீர் சேகரிப்ப எல்லா கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிட்டாங்க, உங்க வீட்டுக்கும் பிளான்ல காட்டியிருப்பாங்க, ஆனா நெறைய வீட்ல அது மூணடி குழில ஜல்லி கொட்டி மேல சிலாப் போட்டதோட சரி, சான்றிதழுக்கு. களிமண்ணுல மூணடி குழி வெறும் தொட்டி. களிமண்ணு அடுக்க தாண்டி மணல் தட்டற வரைக்கும் உறை எறக்கணும், நம்ம ஊர்ல உறைகிணறு எறக்கறவங்க இன்னமும் இருக்காங்க, அவங்க மண்ண பாத்தே எந்த ஆழத்துல மணல் வரும்னு ஓரளவு சொல்லிருவாங்க. மூணடி விட்டத்துல 12 அடி எறக்கினா அதுலயே 2,400 லிட்டர் புடிக்கும், அடில மணல் கெடச்சிருந்தா ரொம்பறப்பவே வடிஞ்சுகிட்டும் இருக்கும். மாடித் தண்ணிய மட்டும் அதுல விடுங்க. லான்ல இருந்து வர்ற கலங்கல் தண்ணிய நேரா விட்டா ரெண்டு வருஷத்துல வண்டல் அடைச்சு மூடிக்கும், விடறதா இருந்தா முன்னாடி ஒரு வண்டல் தொட்டி கட்டி, தெளிஞ்சது மட்டும் போற மாதிரி செய்யணும்.

இப்ப வாட்டம். கண்ணால பாத்து சரியாத்தான் இருக்குன்னு சொல்லாதீங்க, கண்ணு ஏமாத்தும். மேஸ்திரி கிட்ட டியூப் லெவல் இருக்கும், தண்ணி நெறச்ச கண்ணாடி டியூப், அத வாங்கி வீட்டு சுவர்லயும் காம்பவுண்டுலயும் மட்டம் குறிச்சு அங்கருந்து கீழ அளந்து பாருங்க. 10 அடிக்கு ஒன்னேகால் இன்ச்சாவது எறக்கம் இருக்கணும், 2 இன்ச் இருந்தா நல்லது, வீட்டுல இருந்து வெளிப்பக்கமா. பள்ளம் ஒரு இன்ச்சுக்குள்ளன்னா புல்ல பிரிக்கவே வேண்டாம், செம்மண்ணும் சலிச்ச எருவும் கலந்து தடவைக்கு அரை இன்ச் மட்டும் தூவி தேச்சு விடுங்க, புல்லு நுனி வெளிய தெரியணும், ஒரு மாசம் கழிச்சு மேல வந்ததும் அடுத்த அரை இன்ச். அதுக்கு மேல பள்ளம்னா பாய தூக்கித்தான் ரொப்பணும்.

லான முழுசா ஒசத்திரலாமேன்னு தோணும். ஒசத்தலாம், ஆனா வீட்டு பேஸ்மெண்ட் மட்டத்துக்கு அரை அடியாவது கீழ நிக்கணும், இல்லன்னா சுவர் ஓதம் ஏறி உள்ள பெயிண்ட் உரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு தண்ணிய தள்ளி விடற மாதிரியும் ஒசத்தாதீங்க, அவர் அடுத்த வருஷம் உங்கள விட அரை அடி ஒசத்துவார், இதுக்கு முடிவே கெடையாது.

பிரெஞ்ச் டிரெயின், அதாவது ஜல்லியும் ஓட்டை பைப்பும் வச்சு மூடின வடிகால், போடலாமான்னு கடைசில கேட்டிருந்தீங்க. பிரான்சுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, அமெரிக்காவுல ஹென்றி பிரெஞ்சுன்னு ஒருத்தர் 1859ல வயல் வடிகால் பத்தி எழுதி அத பரப்பினார், அவர் பேருதான். நல்ல முறைதான். ஒரு அடி அகலம் ஒன்னரை அடி ஆழத்துக்கு வாய்க்கா எடுத்து, ஜியோ டெக்ஸ்டைல் துணிய உள்ள விரிச்சு, அடில கொஞ்சம் முக்கா இன்ச் ஜல்லி, அதுமேல 4 இன்ச் ஓட்டை போட்ட பிவிசி பைப்ப ஓட்டை கீழ பாத்த மாதிரி வச்சு, மறுபடி ஜல்லி ரொப்பி, துணிய மேல மடிச்சு மூடி, கடைசி நாலு இன்ச்சுக்கு மண்ணும் புல்லும். துணி போடாம விட்டா களிமண்ணு ஜல்லிக்குள்ள பூந்துரும், பைப்புக்கும் 10 அடிக்கு ஒன்னேகால் இன்ச் வாட்டம் குடுங்க. இதெல்லாம் எல்லாரும் சரியாத்தான் பண்றாங்க. கோட்டை விடறது ஒரே எடத்துல, அந்த பைப்போட மறு முனை எங்க போகுது? வெளிய போற வழி இல்லாத வாய்க்கா வெறும் பள்ளம்தான். 20 அடி நீளத்துக்கு போட்டாலும் மொத்தம் 30 கன அடி, ஜல்லி சந்துல நிக்கறது அதுல பாதிகூட இல்ல, 340 லிட்டர் சொச்சம். மாடில இருந்து வர்ற 4,600 லிட்டரோட வச்சுப் பாத்துக்கோங்க.

இங்க சென்னைக்காரனுக்குன்னு ஒரு தலைவலி இருக்கு. ரோட ஒவ்வொரு தடவ போடறப்பவும் பழசு மேலயே போட்டு போட்டு ரோடு ஏறிக்கிட்டே போகுது, வீடு பள்ளத்துக்கு போயிடுது. உங்க லான் மட்டம் ரோட்டு வடிகால விட கீழ இருந்தா தண்ணி தானா வெளிய போகவே போகாது, டியூப் லெவல வாசல் வரைக்கும் இழுத்து இதையும் பாத்துருங்க. கீழ இருக்குன்னா ரெண்டு வழிதான். மேல சொன்ன உறை கிணறு, நிலத்தடி மட்டம் எடம் குடுத்தா. இல்லன்னா அந்த மூலைல மூடி போட்ட ஒரு சின்ன தொட்டி கட்டி, பைப்ப அதுல சேத்து, மிதவை சுவிட்ச் வச்ச ஒரு சின்ன பம்பு போட்டு வெளி வடிகாலுக்கு தள்றது. மழை நேரத்துல கரண்ட் போகும்ங்கறதையும் கணக்குல வச்சுக்கோங்க. 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பெஞ்சுது, அந்த மாதிரி மழைக்கு நீங்களும் நானும் ஒன்னும் கட்ட முடியாது. சாதாரண ஐப்பசி கார்த்திகை மழைக்கு மறுநாள் வடிஞ்சா போதும்னு வச்சுக்கோங்க.

புல்லு மஞ்சளாச்சுன்னு யூரியா போட்டதா எழுதியிருக்கீங்க, நிறுத்திருங்க. தண்ணி நின்னா மண்ணுல காத்து இருக்காது, வேர் மூச்சு முட்டி அழுகும். காத்து இல்லாத மண்ணுல சில பாக்டீரியா நைட்ரேட்ல இருந்து ஆக்சிஜன உருவிக்கும், தழைச்சத்து வாயுவா போயிடும், நீங்க போட போட அதுவும் போயிக்கிட்டே இருக்கும், மிச்சம் இருக்கறது பூஞ்சைக்கு தீனி. ஒரு கைப்பிடி மண்ண தோண்டி மோந்து பாருங்க, அழுகின முட்டை நாத்தம் அடிச்சு மண்ணு சாம்பல் கலந்த நீலமா இருந்தா ரொம்ப நாளா காத்தே போகலன்னு அர்த்தம். கோரை மொளைக்கறதும் அதே சேதிதான், மருந்தடிச்சு கோரைய கொல்றத விட தண்ணிய வடிச்சா பாதி தானா அடங்கும்.

ஜிப்சம் போட்டா களிமண்ணு உதிரும்னு கடைக்காரர் சொல்வார். சோடியம் அதிகமா இருக்கற களர் மண்ணுக்கு மட்டும்தான் அது. கண்டுபிடிக்க காசு வேண்டாம், பட்டாணி அளவு காஞ்ச மண்ணு கட்டிய ஒரு கண்ணாடி டம்ளர் மழைத்தண்ணில மெதுவா போட்டு, கலக்காம சில மணி நேரம் விடுங்க. கட்டிய சுத்தி பால் மாதிரி கலங்கி வந்தா களர் மண்ணு, ஜிப்சம் வேலை செய்யும், எவ்ளோ போடணும்னு அரசு மண் பரிசோதனை நெலயத்துல குடுத்து கேட்டுக்கோங்க. கட்டி சும்மா உதிர்ந்து தண்ணி தெளிவாவே இருந்தா ஜிப்சம் வாங்கற காசு தண்டம்.

மண்ணு இறுகி இருக்கறதுக்கு ஃபோர்க் வச்சு ஓட்டை போடறது நல்ல வேலை, நாலு இன்ச் ஆழத்துக்கு குத்தி லேசா ஆட்டி எடுத்து, எருவ தூவி விடணும். அடி மண்ணு தண்ணி குடிக்கலன்னா இது மட்டும் காப்பாத்தாது. செருப்புல ஆணி வச்சு விக்கறாங்களே அத வாங்காதீங்க, அது ஓட்டைக்கு சுத்தி மண்ண இன்னும் இறுக்குது. ஈரமா இருக்கறப்ப அந்த மூலைல நடக்கறது, பைக் நிறுத்தறது, மெஷின் ஓட்டறது எதுவும் வேண்டாம், களிமண்ண ஈரத்துல மிதிச்சா குயவர் மிதிச்ச மாதிரிதான்.

தண்ணி ஊத்தற அளவும் ஒன்னு இருக்கு. வெயில் காலத்துல புல்லுக்கு சதுர மீட்டருக்கு 5, 6 லிட்டர் ஒரு நாளைக்கு, உங்க 600 சதுர அடிக்கு 300 லிட்டர் சுமார். கொழாய்ல 20 லிட்டர் பக்கெட் ஒரு நிமிஷத்துல ரொம்பினா கால் மணி நேரம், அவ்ளோதான். தோட்டக்காரர் ஓஸ ஒரு மூலைல போட்டுட்டு டீ குடிக்கப் போறாரான்னு ஒரு நாள் மாடில இருந்து பாருங்க.

இதெல்லாம் பாத்துட்டு நிலத்தடி தண்ணிதான், வெளிய விட வழியும் இல்லன்னு ஆச்சுன்னா நான் சொல்ற யோசனை உங்க வீட்டம்மாவுக்கு பிடிக்குமோ தெரியல, அந்த மூலைல புல்லு வேண்டாம்னு விட்டுருங்க. கொரியன் புல்லு தண்ணி நின்னா தாங்காத சாதி. நெழலும் ஈரமும் கலந்த எடம்னா அகல இலை பஃபலோ புல்லு ஓரளவு நிக்கும், வெயில் நல்லா படற எடம்னா பாஸ்பாலம், அது உப்புத் தண்ணியையும் ஈரத்தையும் தாங்கும். அதையும் தாண்டின ஈரம்னா கல்வாழை, வெட்டிவேர், சேம்பு, ஸ்பைடர் லில்லி வைங்க, நாலுமே சேத்துல சந்தோஷமா நிக்கும், வெட்டிவேர் வேர் ரெண்டு மூணு மீட்டர் ஆழம் போயி களிமண்ண அதுவே தொளைக்கும். அந்த மூலைய இன்னும் நாலு இன்ச் பள்ளமாக்கி மத்த லான் தண்ணியும் அங்க வந்து சேர்ற மாதிரி விட்டா மிச்ச லான் காஞ்சிரும். என் வீட்ல பின்பக்கம் அப்படித்தான் விட்டிருக்கேன், அஞ்சு வருஷம் புல்லோட மல்லுக்கட்டிட்டு கடைசில கல்வாழை வச்சேன். ஒரு வாரத்துக்கு மேல தண்ணி தேங்கி நிக்காம மட்டும் பாத்துக்கோங்க, கொசு எட்டுப் பத்து நாள்ல முட்டைல இருந்து பறக்கற அளவுக்கு வந்துரும்.

தோண்டற வேலை எல்லாம் மாசி பங்குனில வச்சுக்கோங்க, இப்ப வேண்டாம். இந்த மழைல நீங்க பண்ண வேண்டியது, நல்லா கொட்டறப்ப கொடைய புடிச்சுக்கிட்டு வெளிய நின்னு தண்ணி எந்தப் பக்கம் இருந்து ஓடி வருதுன்னு போன்ல வீடியோ எடுக்கறது, மழை விட்டதும் ஈரத்தோட எல்லைல குச்சி நட்டு வைக்கறது. பரப்பின எம்சாண்ட காஞ்சதும் முடிஞ்ச வரைக்கும் தேய்ப்பு கட்டையால வழிச்சு எடுத்துருங்க. கேட்டுக்கு வெளிய இருக்கறத திருப்பி அனுப்ப வேண்டாம், கேட்டுல இருந்து படி வரைக்கும் பேவர் பிளாக்ல ஒரு நடைபாதை போட்டீங்கன்னா அதுக்கு அடில ரெண்டு இன்ச் மெத்தை போட அது சரியா இருக்கும், மழை நாள்ல லான மிதிக்காம உள்ள வரலாம்.